மாதாவுக்கு ஓர் ஆசனம்

என் மனைவி லூசியாவின் மடியைப் பற்றி எங்கள் ஊர் விடத்தல்தீவில் யாரும் குறைவாகப் பேச முடியாது. தாயில்லாத தம்பி பெனடிக்ற்றை அந்த மடியில் வைத்துத்தான் வளர்த்தாள். ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் மாதா சுரூபம் மன்னாரில் உள்ள கோயிலுக்குப் போகும்போதும் அந்த மடியில்தான் போகும். லொறியோ ரக்டர் இழுக்கும் பெட்டியோ, எதில் போனாலும் மாதா அவள் மடியில். மன்னார்ச் சனம் மாலையோடு வாசலில் காத்து நிற்கும். லூசியா இறங்குகிற மிடுக்கைப் பார்த்தால் மாலை மாதாவுக்கா இவளுக்கா என்று எனக்கே சந்தேகம் வரும்.

இந்த முறை மாதாவுக்குப் பெரிய வாகனம் கிடைத்தது. நோர்வேயில் இருக்கும் பெனடிக்ற்றுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் மனைவி அனிற்றாதான் ஒன்றரை வயது மகள் மரீனாவோடு வந்து, கொழும்பில் ஒரு வானை வாடகைக்கு எடுத்தாள். வெறும் வான் இல்லை. கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய், அலுமாரி எல்லாம் உள்ள ஓடும் வீடு. நான்தான் ஓட்டி வந்தேன். ஊரே வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது.

வீடு பெரிதுதான், ஆனால் பெல்ற் உள்ள ஆசனம் நாலே நாலு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் இருந்த ஒன்றில் மரீனாவுக்கென்று ஒரு குட்டிக் கதிரையை அனிற்றா இறுக்கிக் கட்டியிருந்தாள். மற்ற மூன்றும் எங்கள் மூவருக்கும் கணக்காக இருந்தன.

புறப்படும் நேரத்தில் அனிற்றா சட்டம் சொன்னாள். "வான் ஓடேக்கை கட்டிலிலை ஒருத்தரும் படுக்கேலாது. மடியிலையும் ஒண்டும் வைச்சிருக்கேலாது."

"மாதாவை?" என்றாள் லூசியா.

"மாதாவையும்தான், மச்சாள். தலையணை சுத்தி அந்த அலுமாரிக்குள்ளை வைப்பம்."

"மாதாவை அலுமாரிக்குள்ளையோ!"

லூசியா அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப் போகிறாள் என்று அர்த்தம். அனிற்றா தண்ணீர்ப் போத்தல் எடுக்க வீட்டுக்குள் போய் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. குட்டிக் கதிரையில் மாதா எழுந்தருளியிருந்தார். நீல அங்கிக்கு மேலாகப் பட்டிகள் இரண்டும் குறுக்கே ஓடி ஒழுங்காகப் பூட்டியிருந்தன. மரீனா லூசியாவின் மடியில் இருந்து செபமாலையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"மாதா விழுந்தால் உடைஞ்சு போவா," என்றாள் லூசியா. "பிள்ளை என்ரை கையை விட்டு எங்கை போகப்போகுது? உன்ரை புருஷனையே இந்த மடியிலைதான் வளர்த்தனான்."

இன்று ஒரு சண்டை பார்க்கலாம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அனிற்றா சத்தம் போடவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த அரிசிப் பையைத் தூக்கி லூசியாவின் மடியில் வைத்தாள்.

"இதுவும் மரீனாவின்ரை நிறைதான். பிள்ளையெண்டு நினைச்சு இறுக்கிப் பிடியுங்கோ. பெல்ற்றையும் போடுங்கோ." பிறகு பிள்ளையோடு கீழே இறங்கி நின்று என்னைப் பார்த்தாள். "கிறகரி அண்ணை, வளவுக்குள்ளை மெதுவா ஓடி, சடாரெண்டு ஒருக்கா பிரேக் போடுங்கோ."

போட்டேன். பை பறந்து வந்து என் ஆசனத்தின் முதுகில் மோதிக் கிழிந்தது. என் தலை, மடி, சட்டைப் பை எல்லாம் அரிசி. குட்டிக் கதிரையில் இருந்த மாதா அசையவே இல்லை.

லூசியா தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு நாளாயிருந்தால் ஆயிரம் சாட்டுச் சொல்லியிருப்பாள். அரிசிக்குக் கை இல்லை, பிள்ளையென்றால் என்னைப் பிடித்துக்கொள்ளும் என்றாவது சொல்லியிருப்பாள். இன்று "பிள்ளையாயிருந்தால்..." என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. தானே மாதாவின் பட்டியைக் கழற்றினாள். மரீனாவை வாங்கி அதில் இருத்திப் பூட்டிவிட்டு, "இவ்வளவு இறுக்கம் காணுமோ?" என்று கேட்டாள்.

பிறகு மாதாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். "மாதா என்ரை சீற்றிலை போகட்டும். நான் பஸ்ஸிலை வாறன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. மாதா மன்னாருக்குப் போகிற நாளில் இவள் பின்னுக்கு நின்று நான் பார்த்ததில்லை.

"நீங்கள் இல்லாமல் மாதா போறதோ?" என்றாள் அனிற்றா. "நான் பஸ்ஸிலை வாறன்."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளை உங்களோடை வரட்டும்."

வந்த நாள் முதல் பிள்ளையை எங்கள் கையில் தரவே யோசித்தவள்தான் இதைச் சொன்னாள். லூசியா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மாதா எனக்குப் பக்கத்தில், பெல்ற்றோடு. லூசியா பின்னால், பிள்ளையின் பட்டியில் ஒரு கையோடு. பாப்பாமோட்டை தாண்டும்போது ஒரு ரக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. "போகட்டும், நீங்கள் மெல்ல ஓடுங்கோ" என்றாள். மன்னார் பஸ் நிலையத்தடியில் ஒரு கழுதை நடுறோட்டில் நின்று எங்களைப் பார்த்தது. சடாரென்று பிரேக் போட்டேன். மரீனா கைகொட்டிச் சிரித்தாள்.

கோயில் வாசலில் மாலையோடு சனம் ஓடி வந்தது. "லூசியாக்கா, என்ன, மடி வெறுமையாக் கிடக்கு?" என்று றோசம்மா கேட்டாள். "ஒருத்தரும் மாதாவிலை கை வைக்காதையுங்கோ. அனிற்றா வரட்டும்," என்று லூசியா வான் கதவை மறித்து நின்றாள். ஃபாதர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

தலை கலைந்து, வியர்த்து ஒழுக அனிற்றா வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்ததாம். பக்கத்தில் நின்ற ஒரு பெண், கேட்காமலே தன் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டாளாம்.

"கை ரெண்டும் விறைச்சுப் போச்சு, மச்சாள். அந்தப் பிள்ளை விழுந்திடுமோ எண்டு மன்னார் வரைக்கும் மூச்சு விடாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

இப்போது குத்திக்காட்டுவாள் என்றுதான் நினைத்தேன். லூசியா மரீனாவை என் கையில் தந்துவிட்டு, அனிற்றாவின் கைகள் இரண்டையும் பிடித்துத் தேய்த்துவிட்டாள். பிறகு அவளை வானின் முன்கதவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பெல்ற்றைக் கழட்டு. மாதாவை நீ தூக்கு."

"நானோ?"

"ஓம், நீதான். கை நோகுதெண்டால் ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்."