விசிறி நின்ற பிறகும் சூடு

அக்கா, இதை எழுதவில்லை, போனில் பேசிப் பேசி எழுத்தாக்கி அனுப்புகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் கட்டிடத்தின் மொட்டை மாடியில், ஏசி காற்றை எல்லாத் தளத்துக்கும் தள்ளுகிற தகர அறை ஒன்று இருக்கிறது. உள்ளே ஆள் உயர விசிறி. சுற்றும்போது அதுவே காற்றைக் கொஞ்சம் சூடாக்கிவிடும். எவ்வளவு என்று எங்கள் சூப்பர்வைசர் பஞ்சாபகேசன் சார் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: ஒன்றேகால் டிகிரி. விசிறிக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் மீட்டர்களைப் பார்த்து, அந்த வித்தியாசம் சரியாக வருகிறதா என்று சொல்வது என் வேலை. விசிறி நின்றால் வித்தியாசமும் இருக்கக் கூடாது.

உள்ளே கழுவுவதற்காக நேற்றே விசிறியை நிறுத்திவிட்டோம். இன்று மத்தியானம் திரும்ப ஓடவிடப் போனால், பின்பக்க மீட்டர் ஒரு டிகிரி கூடக் காட்டுகிறது. வெளியே இருக்கும் மோட்டாரைத் தொட்டேன். சூடே இல்லை.

தாராவியில் தகரக் கூரைக்கு அடியில் தூங்க முடியாத, என்னோடு வேலை பார்க்கும் ஆட்கள், விசிறி நிற்கும்போது உள்ளே சாக்கை விரித்துப் படுத்துவிடுவார்கள். தெரியாமல் பட்டனை அழுத்தினால் ஆள் பிழைக்க மாட்டான்.

“சொடலை அண்ணாச்சி எங்க?” என்று கத்தினேன். அப்படி அடிக்கடி உள்ளே படுப்பவர் அவர்தான்.

“இங்கனதாம்ல நிக்கேன்,” என்றார் சுடலைக்கண்ணன், என் முதுகுக்குப் பின்னால். “எனக்குக் கருமாதி வச்சிட்டியோ?”

“மத்தவங்க?”

“எல்லாவனும் கீழ வடாபாவ் திங்கானுவ. பாத்துட்டுத்தான் வாரேன்.”

கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். யாரும் இல்லை. ஒரு சாக்கு மட்டும் விரித்துக் கிடந்தது. கையை வைத்தேன். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பு.

அதற்குள் பஞ்சாபகேசன் சார் வந்துவிட்டார். “மீட்டர் கராப் ஆயிருக்கும்டா, கெட்டுப் போயிருக்கும். சாலு பண்ணு, ஃபேனைப் போடு. கீழ எல்லாரும் வேர்த்துண்டு உக்காந்திருக்கா.”

“ஆளு இருந்தா, சார்?”

“எங்கடா ஆளு? நீதானே பாத்தே. போடலேன்னா நாளைலேர்ந்து வராதே.”

விரலைப் பட்டனில் வைத்தேன். அழுத்த முடியவில்லை. கதவைத் தட்டி, இருட்டைப் பார்த்துச் சொன்னேன்: “யாரா இருந்தாலும் வெளிய வந்துருங்க. ஃபேன் போடப் போறேன்.”

பின்பக்க மீட்டரைப் பார்த்தேன். அது மெதுவாக இறங்கி, முன்பக்க மீட்டரோடு வித்தியாசமே இல்லாமல் நின்றது.

வாசலை மறித்து நின்ற சார், யாருக்கோ வழி விடுவது போல ஒருபக்கமாக ஒதுங்கினார். ஒதுங்கிய பிறகு, ஏதோ வெதுவெதுப்பாக உரசிய மாதிரி தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கதவைச் சாத்திப் பட்டனை அழுத்தினேன். ஒன்றேகால் டிகிரிதான் வந்தது.

“இனிமே தெனம் இதே மாதிரி கூப்பிட்டுட்டு ஃபேனைப் போடு,” என்றார் சார்.