எலுமிச்சைத் தோலுக்கு அடியில்

மாக்டெல்ட் தூரிகையை வேகமாக இழுத்தாள். கீழே சிப்பாய்கள் வாசல் கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேஜையில் பத்து நாளாக அவள் வரையும் காலை உணவு: ரொட்டி, ஹெர்ரிங் மீன், பாதி உரித்த எலுமிச்சை. நடுவே, இப்போதுதான் வைத்த வெள்ளிக் கிண்ணம். பூசைக் கிண்ணம். அதற்குரிய பாதிரியார் பரணில் மூச்சடக்கிக் கிடந்தார். ஹார்லெம் நகரில் புராட்டஸ்டண்ட் ஆட்சி; கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. சிக்கினால் அவருக்குச் சிறை. அவளுக்கு வீடு போகும்.

சாய்த்துப் போட்டால் அது ஓவியத்துக்காக வைத்த வெறும் கிண்ணம். வாழ்க்கை காலியாகும் என்பதற்கு அடையாளம். ஊரில் எல்லாரும் வரைவதுதான். ஆனால் மேஜையில் இருப்பது படத்திலும் இருக்க வேண்டுமே. சாம்பல் நிறம், கிண்ணத்தின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம், விளிம்பில் வெள்ளைப் புள்ளி என்று அவசரமாகத் தீட்டினாள்.

கதவு உடைந்தது. அப்போதுதான் கவனித்தாள்: கிண்ணத்தின் பாதத்தில் செதுக்கிய சின்னச் சிலுவை. எலுமிச்சைத் தோலை இழுத்து அதன்மேல் தொங்கவிட்டாள்.

காவல் அதிகாரி வெஸ்ஸல் படியேறி வந்தார்.

"கதவைத் திறக்க என்ன கேடு உனக்கு?"

"கையெல்லாம் சாயம் ஐயா. எப்படியும் உதைப்பீங்க, தாழ்ப்பாளை எதுக்கு அழுக்காக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. படத்தில் விரல் வைத்தார்.

"மீன் காஞ்சிருக்கு. கிண்ணம் மட்டும் ஈரம்."

"வெள்ளியோட மினுக்கு எப்பவும் கடைசியிலதான் ஐயா."

அவர் இன்னும் குனிந்தார். அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து பழகிய கை. தோலைப் போடுவதற்கு முன்பே சிலுவையையும் வரைந்திருந்தது.

வெஸ்ஸல் மேஜையைப் பார்த்தார். எலுமிச்சைத் தோலைப் பார்த்தார். கூரைப் பலகையைப் பார்த்தார்.

"கீழ ஒண்ணுமில்ல ஐயா," என்றது ஒரு சிப்பாயின் குரல். "பரணைப் பாக்கட்டுமா?"

"எலிதான் இருக்கும். வெளிய நில்லுங்க."

கட்டைவிரலால் படத்துச் சிலுவையை அழுத்தித் தேய்த்தார். சாம்பல் திட்டாகிப் போனது. விரலைத் தன் கறுப்பு அங்கியில் துடைத்துக்கொண்டு படி வரை போனவர், திரும்பாமலே பேசினார்.

"நேத்து ராத்திரி அம்மா போயிட்டாங்க. கடைசி வரைக்கும் பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னாங்க. எனக்குத் தைரியம் வரல." குரல் இறங்கியது. "மேல இருக்கான்ல, என் தம்பி. அவன்கிட்ட சொல்லிடு."