எட்டாம் தேதி வரைக்கும்

பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் கொடுத்துத் தேய்ப்பது அவள் வேலை. ஒருநாள் உருளை விரிப்போடு சேர்த்து அவளுடைய வலது கையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கை போகாமல் தடுக்கவேண்டிய கம்பி ஒரு மாதமாகவே உடைந்து கிடந்தது. நான்கு முறை அறுத்துத் தைத்தும் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

வழக்குப் போடலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம் கொழுந்தன் தடுத்தான். அங்கே மேற்பார்வையாளன் அவன்தான்.

"கை ஆறட்டும் அண்ணி. முதலாளிதான் பேசிக்கலாம்னு சொல்லச் சொன்னார். கோர்ட்டுக்குப் போனா காரியம் கெட்டுரும்."

ஆறட்டும் ஆறட்டும் என்றே காலம் ஓடியது. திடீரென்று ஒருநாள் அவனே அவளை வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனான். ஏன் என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

வக்கீலம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க? இதுக்கு மூணு வருஷம்தான் கெடு. இந்த மாசம் ஏழாம் தேதியோட முடிஞ்சு போச்சு."

"கை இன்னும் ஆறலையேம்மா."

"அடிபட்ட நாள்லேர்ந்து எண்ணுவாங்க. ஆறுற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க."

"ஏழாம் தேதி கோர்ட்டு லீவுங்க," என்றான் கொழுந்தன். "எட்டாம் தேதி வரைக்கும் டைம் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வக்கீலம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

"நாள் எண்ணிக்கிட்டே இருந்தியா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கம்பி உடைஞ்சதை நான் மேல எழுதித் தரலை. கேஸ் வந்தா என் தலைதான் உருளும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணி."

கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள். அசதிதான் வந்தது.

"முதலாளி சொல்லித்தான் இவங்களை நிறுத்தி வச்சேன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, தாமதத்தைப் பொறுத்துக்கச் சொல்லி மனு போட்டுப் பார்க்கலாம்," என்றார் வக்கீலம்மா. "நிச்சயம்னு சொல்ல முடியாது."

"நாளைக்கு வந்து சொல்றேங்க."

"நான் இங்கேயே உக்காந்திருக்கேன் தம்பி," என்றாள் அவள். "இன்னொரு தடவை இந்த மூணு மாடி என்னால ஏற முடியாது."

ஜன்னலில் வெயில் இறங்கும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் பேனா கேட்டான்.

ஐந்து மாதம் கழித்து மனு தள்ளுபடியானது. கொழுந்தனின் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. தீர்ப்பு நகலை அவன்தான் வாங்கி வந்தான். அவள் படிக்கச் சொல்லவில்லை. உள்ளே வரச் சொல்லிவிட்டு, இடது கையால் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.