ஒளு முறிஞ்சிரும்

நாப்பத்தொரு வருசம் கூட வாழ்ந்த மனுசன் என்னைப் பாத்து, "நீங்க யாரும்மா? ஆம்பளை தனியா இருக்கேன்ல, வெளிய நில்லுங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. அழுகை பிறகுதான் வந்துச்சு.

கபூர் மச்சானுக்கு மறதி வந்து ரெண்டு வருசம். மகன் பேரு போச்சு. கிளேபாங் கடற்கரையில நாங்க போட்டிருந்த மீ கோரிங் நூடுல்ஸ் கடை போச்சு. கடைசியா நானும் போனேன். தொழுகை மட்டும் போகல. பாங்கு கேட்டா போதும், தானா எழுந்து பைப்பைத் தொறந்து ஒளு எடுப்பாரு, முகம் கை கால் கழுவிச் சுத்தமாயிருவாரு. அந்நியப் பொம்பளை தொடக்கூடாதுங்கிறதும் போகல. இப்ப அந்த அந்நியப் பொம்பளை நான்தான்.

வலது கால்ல சக்கரைப் புண்ணு. தினம் கழுவி மருந்து வச்சுக் கட்டணும். நான் குனிஞ்சா காலை இழுத்துக்குவாரு. "ஒளு முறிஞ்சிரும், தள்ளிப் போங்க." கல்யாணமான புதுசுலயும் இதையேதான் சொல்வாரு, பொண்டாட்டி கை பட்டாலும் மறுபடி கழுவணும்ல. தொழப் போறப்ப நான் வேணும்னே முழங்கையில கிள்ளுவேன். "ஒளு முறிஞ்சிரும் ஹலிமா, தள்ளிப் போடி!" சிரிச்சுக்கிட்டே மறுபடி கழுவப் போவாரு. இப்ப 'போங்க'ங்கிறாரு. அந்த மரியாதைதான் என்னைக் கொல்லுது.

மகன் கப்பல்ல வேலை, வர ஆறு மாசமாகும். பக்கத்து வீட்டு மணியம் தம்பிதான் காலையில வந்து புண்ணைக் கட்டுவாரு. சிம்பாங் அம்பாட் ஊர்ல ரப்பர் தோட்டத்து கிளினிக்ல வேலை பாத்தவரு. நெத்தியில விபூதியோட வந்து, "பாய், காலைக் காட்டுங்க லா"ம்பாரு. மச்சான் பேசாம நீட்டுவாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு பஞ்சைக் குடுப்பேன். என் புருசன் காலு, நான் எட்டி நின்னு பாக்கணும்!

திங்கக்கிழமை மணியம் தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "அக்கா, மக ஜொகூருக்கு வரச் சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை கிளம்புறேன்."

பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலுக்கு, சூராவுக்கு ஓடினேன். "எங்களுக்கு மறுபடி நிக்காஹ் பண்ணி வைங்க இமாம். புதுப் பொண்டாட்டியாவாவது தொட்டுக்கிறேன்"னேன்.

அவரு தலையைக் குனிஞ்சிட்டாரு. "புத்தி தெளிவில்லாதவரு சம்மதம் செல்லாது, ராத்தா. தேவையும் இல்ல. உங்க நிக்காஹ் அப்படியே இருக்கு. அல்லாவோட அறிவுல இருக்கிறது அழியாது. நீங்க தொடலாம்."

மச்சானும் இதைத்தான் சொல்வாரு. கடையில தே தாரே டீ கிளாஸைத் தூக்கிக் காட்டி, "இது தானாவா நிக்குது? அல்லா அறிஞ்சுக்கிட்டே இருக்கான், அதனால நிக்குது. ஒரு நொடி அவன் விட்டா கிளாசும் இல்ல, கடலும் இல்ல, நீயும் இல்ல"ம்பாரு. "கழுவுறது நான்தானே, சீக்கிரம் குடிச்சிட்டுக் குடுங்க"ம்பேன். அப்ப விளையாட்டாப் போச்சு. இப்ப நான் அல்லாவோட அறிவுல இருக்கேன். நம்புறேன், சத்தியமா நம்புறேன். ஆனா இந்த மனுசன் அறிவுல இல்லையே. அங்கருந்து இங்க எப்படி வர்றது?

மணியம் போயிட்டாரு. கட்டிவிட வேற ஆம்பளை கிடைக்கல. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கட்டு நனைஞ்சு வாடை அடிச்சிருச்சு. பஞ்சும் மருந்தும் எங்க நிக்காஹ் போட்டோவும் எடுத்துக்கிட்டுப் போய் அவரு முன்னால உக்காந்தேன். "இது யாருன்னு பாருங்க."

வாங்கிப் பாத்தாரு. முகமே மாறிப் போச்சு. யா அல்லா, அந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனை மாசமாச்சு!

"ஹலிமா"ன்னாரு. "என் பொண்டாட்டி."

"நான்தான் மச்சான்!" காலைப் பிடிச்சிட்டேன்.

வெடுக்குன்னு இழுத்தாரு. நாற்காலியில புண்ணு இடிச்சு ரத்தம் வந்துருச்சு. வலியில கண்ணு கலங்கிப் போச்சு.

"வேணாம்மா. அவ பாசாருக்குக் காய் வாங்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா. வேற பொம்பளை என்னைத் தொட்டான்னு தெரிஞ்சா அவ மனசு தாங்காது."

ரத்தம் தரையில சொட்டுச்சு. பஞ்சு என் கையிலேயே இருந்துச்சு.

"போற வழியில அவளைப் பாத்தீங்கன்னா சீக்கிரம் வரச் சொல்லுங்க. காலு ரொம்ப வலிக்குது"ன்னாரு.

சொல்றேன்னு சொன்னேன்.