வேனுக்குப் பம்ப் பார்த்தோம்

எங்கள் ஊரில் பழைய வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸை யாரும் சும்மா விற்றுவிடுவதில்லை. சம்பந்தம் பேசித்தான் கொடுப்பார்கள். கடைக்காரர் குடும்பத்தோடு வந்து வண்டியைப் பார்ப்பார். கேசரி, பஜ்ஜி சாப்பிடுவார். பிடித்திருந்தால் தாம்பூலம் மாற்றுவார். புது வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வண்டி ரிப்பேரானால் அவர்கள் வேறு வண்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்களுடையது எண்பத்தேழாம் வருடத்து வேன். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊர் சுற்றுவதற்காக ரிட்டயரான கையோடு வாங்கினேன். என் மனைவி சௌந்தரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. வருடா வருடம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவன் நான்தான். வேனோ ஊர் எல்லையைத் தாண்டியதும் இருமிவிட்டு நின்றது.

மெக்கானிக் ஆரோக்கியசாமி பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். கடைசியில், "பம்ப் போயிடுச்சு சார். பெட்ரோல் ஏறல. நல்ல இடமா ஒண்ணு இருக்கு, பேசட்டுமா?" என்றார். எங்கள் ஊரில் மெக்கானிக்தான் தரகர்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள முடிங்க," என்றாள் சௌந்தரம். ஆடியில் யாரும் பார்ட்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளி கனகசபாபதி வந்தார். மனைவியும் இரண்டு மச்சான்களும் கூட வந்தார்கள். பட்டுத்துணியில் சுற்றிய பம்பை அந்த அம்மாள் மடியில் வைத்திருந்தார். மச்சான்கள் வேனைச் சுற்றி வந்தார்கள். முந்தின ஓனர் யார், எஃப்.சி.யில் எத்தனை முறை ஃபெயில், மேடு ஏறுமா என்றெல்லாம் கேட்டார்கள். நான் ஒன்றிரண்டு பொய் சொன்னேன். எல்லோரும் சொல்வதுதான். இரண்டாம் தட்டு பஜ்ஜி வந்தபோது இளைய மச்சான் வைப்பர் மோட்டாரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாமா, இது வேற கம்பெனி."

கனகசபாபதி தட்டைக் கீழே வைத்தார். "ஏன் சார் மறைச்சீங்க?"

"பழைய ஓனர் மழையில அவசரத்துக்குப் போட்டது சார். நல்லாத்தான் துடைக்குது."

"துடைக்கட்டும். எனக்கு வித்தியாசமெல்லாம் கிடையாது சார். எல்லாக் கம்பெனிக்காரங்களும் கடைக்கு வர்றாங்க, ஒண்ணாத்தான் டீ குடிக்கிறோம். ஆனா பொருளைக் கொடுக்கறதுன்னு வந்தா, நாளைக்கு நான் சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்கணுமில்ல?"

மீதி பஜ்ஜியை முடித்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் வாட்ச் எந்தக் கம்பெனி, செருப்பு எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம், கடைக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில், பம்ப் தானாகவே வந்துவிட்டது. பட்டுத்துணியை அங்கேயே விட்டுவிட்டு, கட்டின கேஸ்கெட்டோடு வந்து வேன் படியில் உட்கார்ந்திருந்தது. ஆரோக்கியசாமி போல்ட்டுகளை முடுக்கினார், சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒரே சாவியில் வேன் கிளம்பியது. சௌந்தரம் புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

"எங்கயும் நிறுத்தாம போங்க," என்றாள்.

தொண்டிக் கடற்கரைக்கு அரை கிலோமீட்டர் முன்பே வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் கனகசபாபதி குடும்பம். பம்பைத் தலைமுழுக வந்திருந்தார்கள். கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், கதவுக் கைப்பிடி என்று ஓடிப்போன பொருள்களைத் தலைமுழுகப் பதினோரு மாவட்டத்துக் குடும்பங்கள் தோளில் துண்டோடு காத்திருந்தன. கனகசபாபதி என்னை முறைத்தார். சௌந்தரத்திடம் மட்டும், பஜ்ஜி நன்றாக இருந்தது என்றார்.

வரிசையின் முனையில் ஒருவர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். "தலைமுழுகறவங்களுக்கு மட்டும்தாம்மா கடல். சும்மா பாக்கறவங்க தை மாசம் வாங்க. நீங்க யாரைத் தலைமுழுகறீங்க?"

சௌந்தரம் யோசிக்கவே இல்லை. என் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு.

அவர் எழுதிக்கொண்டு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். நான் அவளுடைய செருப்பையும் கைப்பையையும் வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தலை சொட்டச் சொட்ட வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ரொம்பப் பெரிசுங்க," என்று டோக்கன்காரரிடம் சொன்னாள்.

செருப்பைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து வேனைக் கிளப்பினாள். நன்றாகவே ஓட்டினாள். நான் டோக்கன்காரரிடம் பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டேன்.