முதல் குளிர்காலத்துக்கு உப்பு

அண்ணி ஒரு நாட்டையே பதினெட்டு நிமிடத்தில் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்.

நாடு என்றால் கணினிக்குள் இருக்கும் நாடு. நானூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆற்றங்கரை, ஆறு கிராமம், ஒரு சின்னக் கோட்டை. அதை நூறு வருடம் ஆண்டு காப்பாற்ற வேண்டும். அண்ணன் ஆறு வருடமாக இந்த விளையாட்டைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறான். வெளியாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கும். உண்மையில் மாடியில் ஓர் அறை, நான்கு கணினி, அண்ணன், மீசை, கண்ணாடி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த இருவர் (அவன் நிரல் எழுதுவான், அவள் படம் வரைவாள்), விளையாடிப் பார்த்துப் பிழை பிடிக்கும் நான். வாங்குகிறவர்கள் பிடிக்காவிட்டால் ஆடத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நிறையப் பேர் அப்படிச் செய்தால் நாங்கள் நால்வரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

தங்கை புகழ்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு விளையாட்டை நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஏழாம் வருடத்தில் படகுக்காரர்கள் மேல் வரியை ஏற்றிவிட்டு மறந்துபோனேன். இருபத்தொன்பதாம் வருடத்தில் என் படை ஆற்றங்கரைக்குப் போனால் ஒரு படகுகூட இல்லை. வரி கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடியவனின் மகன் எதிர்க்கரைக்குத் தலைவனாகியிருந்தான். அப்படி ஒரு கதையை எங்களில் யாரும் எழுதவில்லை, விளையாட்டே உண்டாக்கிக்கொண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குறையும் உண்டு. நாற்பது திரை, எறும்பு ஊர்வதுபோல் எழுத்து, எதையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கேட்டால் அண்ணன், "கஷ்டம்தான் அதோட அழகு" என்பான்.

அண்ணி மருத்துவமனையில் ஒரு வார்டின் தலைமை நர்ஸ். இந்த ஆறு வருடத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. புதிதாக ஒருவர் விளையாடிப் பார்க்க வேண்டும் என்று நான்தான் ஞாயிறு காலை கையோடு அழைத்து வந்தேன்.

"எல்லாரும் செத்துட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் அண்ணி.

"மீனை உப்பு போட்டு வைக்கணும். குளிர்காலத்துல ஆறு உறைஞ்சிடும், மீன் கிடைக்காது" என்றான் அண்ணன்.

"உப்பு எங்க இருக்கு?"

"கோட்டைக்குள்ள போனா கிடங்கு. அதுக்குள்ள ஆணைகள். அதுல மூணாவது பக்கம்."

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தார். "எங்க, நீங்க ஆடிக் காட்டுங்க."

அண்ணன் வழக்கம்போல் சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்தான்.

"இதுல நாலாம் வருஷம்னு போட்டிருக்கே?"

"நாங்க எப்பவும் இங்கேர்ந்துதான் தொடங்குவோம். முதல் மூணு வருஷம் சும்மா இழுக்கும்."

"எப்பவும்னா, எத்தனை நாளா?"

மீசை மின்விசிறியைப் பார்த்தான். கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரெண்டு வருஷமா" என்றேன் நான். பிழை பிடிப்பது என் வேலை. அந்த நாலாம் வருட ஆட்டத்தில் கிடங்கு நிறைய உப்பு எப்போதோ சேர்ந்து கிடந்தது. வெட்கமாக இருந்தது.

அண்ணன் முதல் வருடத்திலிருந்து ஆடினான். உப்புக்கான ஆணையைச் சரியாகவே போட்டான். ஆனால் மீனுக்கு வேண்டிய உப்பைப் போன வருடம் நாங்கள்தான் இரட்டிப்பாக்கியிருந்தோம். அவனுக்கு அது சுத்தமாக நினைவில்லை. இருபத்தாறாம் நிமிடத்தில் கடைசிக் கிராமமும் காலியானது.

"அண்ணியைவிட எட்டு நிமிஷம் அதிகம்" என்றான் மீசை. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. "குளிரைக் குறைச்சிடலாம்" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழுகை வந்தது எனக்கு.

"எதுக்குக் குறைக்கணும்? வார்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்தா, நோயாளியை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடறேனா?" என்றார் அண்ணி. "முதல் நாள் பக்கத்துல நிப்பேன். எது எங்க இருக்குன்னு சொல்வேன். வேலையை அவதான் செய்யணும்."

 அண்ணன் ஒரு காகிதத்தை எடுத்தான்.

அடுத்த ஏழு நாள் தலைக்கு மேல் வேலை. கிடங்குக்காரர் என்று ஒருவரைப் படைத்தோம். கண்ணாடி அவருக்குத் தொப்பை வைத்து வரைந்தாள், நான் பேச்சு எழுதினேன். மறுஞாயிறு காலை அண்ணி மறுபடி உட்கார்ந்தார். அறுவடை முடிந்ததும் கிடங்குக்காரர் வந்து நின்றார். "தலைவரே, உப்பு நாலு மூட்டைதான் இருக்கு. குளிருக்குப் பத்தாது." கூடவே அந்த மூன்றாவது பக்கமும் திறந்தது. மற்றதை அண்ணிதான் முடிவுசெய்ய வேண்டும்.

குளிர்காலம் வந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். "பதினொண்ணா" என்று அண்ணி உதட்டைக் கடித்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அப்போதுதான் ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விட்டது. பாளம் பாளமாக உடைந்து நகர்ந்தது, நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது, கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள். அது முதல் வசந்தத்தில் மட்டும் வரும் காட்சி. அதை நாங்களே மறந்துவிட்டிருந்தோம்.

அண்ணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இதை எப்போ செஞ்சீங்க?"

"முதல் வருஷம். நமக்குக் கல்யாணம் ஆன வருஷம். ராத்திரியெல்லாம் இதுதான்."

"உங்களுக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கலைன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

 அண்ணி திரையையே பார்த்துக்கொண்டு, "அழகா இருக்கு" என்றார். ஆறு வருடமாக அவன் இதைத்தான் கேட்கக் காத்திருந்தான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"போதும், ஓய்வெடு. மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்று அவன் மவுஸை நோக்கிக் கை நீட்டினான்.

"கையை எடுங்க. கரையில நிக்கிற அந்தப் படகுக்காரனுக்கு இன்னும் வீடு இல்ல."

மீசை கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரக் கெடு முடிந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அண்ணி ஆறாம் வருடத்தில் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்.