அமைதியாரின் ஐம்பத்திரண்டு

எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அமைதியார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் இதயம் நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு முறைதான் துடிக்கும். லிஃப்டில் அவரோடு ஏறிய பாவத்துக்கு இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கைக்கடிகாரத்தை மூக்குக்கு நேராக நீட்டி, "பாத்தீங்களா? எல்லாம் மூச்சுப் பயிற்சி" என்பார். நாம் இறங்க வேண்டிய மாடி போய்விடும்.

அன்று மாலை 'பதற்றமில்லா வாழ்வு' என்று ஊழியர்களுக்கு அவர் உரை. காலையில் வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். நூற்றுப் பத்து!

"ஏய், இங்க ஓடி வா! இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு!"

மனைவி மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தாள். கடிகாரம் தெளிவாகத்தான் இருந்தது.

"காய்ச்சல் இல்லையே... நேத்து தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேன். நெஞ்சு மட்டும் லேசா அழுத்துது. சாயங்காலம் மேடையேறணும்டி, மானம் போயிடும்!"

"நெஞ்சு அழுத்துதா? மானத்தை அப்புறம் பாத்துக்கலாம், செருப்பை மாட்டுங்க!"

வழியெல்லாம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். நூற்றுப் பதினெட்டு.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இளம் டாக்டரம்மா வந்து கேட்டார்: "புதுசா எதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?"

"இல்ல."

"எதையாவது நிறுத்தினீங்களா?"

அமைதியார் படுத்தபடியே நெஞ்சை நிமிர்த்தினார். "ரெண்டு நாளா பிரஷர் மாத்திரையை விட்டுட்டேன். ஐம்பத்திரண்டு துடிப்பு உள்ளவனுக்கு அது எதுக்கு?"

"சார், அந்த ஐம்பத்திரண்டே மாத்திரை குடுத்ததுதான். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை அது. திடீர்னு நிறுத்தினா இதயம் இப்படித்தான் பாயும், ஆபத்தாக்கூட முடியும். நல்ல வேளை, உடனே வந்தீங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அது முழுக்க அழுகை இல்லை.

மாத்திரை மறுபடி தொடங்கியது. மாலையில் மேலாளர் போன் செய்தார். "சார், உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டோம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ஹாலே காத்திருக்கு. உங்க ரகசியத்தை மட்டும் சொல்லிடுங்க!"

மூச்சுப் பயிற்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பிவிடும். ஆனால் நேற்றுதான் கேஷியர், "எனக்கும் பிரஷர் சார், நானும் மாத்திரையை விட்டுடவா?" என்று கேட்டிருந்தார். "தாராளமா" என்று இவரும் தோளில் தட்டியிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் தூக்கிவாரிப்போட்டது.

"கேஷியர் இருக்காரா? யோவ், மாத்திரையை விட்டுடாதய்யா! டாக்டரைக் கேக்காம எவனும் நிறுத்தாதீங்க! என் ஐம்பத்திரண்டே அந்த மாத்திரை குடுத்ததுதான்யா!"

"அப்போ மூச்சுப் பயிற்சி?" என்றது ஒரு குரல்.

"அது சும்மா கூட வந்துச்சு!"

ஹால் வெடித்துச் சிரித்தது. அதற்குள்ளிருந்து கேஷியரின் குரல் கேட்டது.

"பதறாதீங்க சார், நான் நிறுத்தவே இல்ல. உங்க பேச்சை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"